வேலை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன்: பழைய நிரல் (கோடு) என்னிடமே இருக்க என்ன எழுதி வாங்க வேண்டும்?

நூல்கண்டு கேட்டது:

வணக்கம். ஒரு நிறுவனத்திலிருந்து ஆஃபர் வந்திருக்கிறது. கூடவே ஒரு நீளமான ஒப்பந்தம். அதில் ‘பணிக்காலத்தில் நான் உருவாக்கும், கண்டுபிடிக்கும், மேம்படுத்தும் அனைத்தும் நிறுவனத்துக்கே சொந்தம்’ என்று ஒரு பிரிவு. கடைசிப் பக்கத்தில் ‘முந்தைய படைப்புகள்’ என்ற தலைப்பில் ஒரு காலிக் கட்டம். அதன் கீழே ‘எதுவும் இல்லை’ என்று டிக் செய்ய ஒரு பெட்டி.

என்னிடம் இருப்பவை: அப்பாச்சி 2.0 என்ற, யாரும் இலவசமாகப் பயன்படுத்த விடும் திறமூல உரிமத்தில் பொதுவில் வெளியிட்ட ஒரு பைதான் லைப்ரரி (பிற நிரல்கள் எடுத்தாளும் நிரல் தொகுப்பு, உரையைச் சொற்களாகப் பிரிப்பது). அதன் மேல் கட்டிய, இன்னும் வெளியிடாத ஒரு தேடல் கருவி. எந்த வேலைக்குப் போனாலும் கூடவே வரும் சின்னச் சின்ன ஸ்கிரிப்டுகள். பாதி எழுதிய ஒரு பாடநூல்.

அந்தக் கட்டத்தில் எவ்வளவு விவரம் எழுதுவது? அதிகம் எழுதினால் ரகசியம் வெளியே போய்விடாதா? எழுதாமல் விட்டால் உண்மையிலேயே அவர்களுக்குப் போய்விடுமா? சேர்ந்த பிறகு என் லைப்ரரியை அங்கே பயன்படுத்தச் சொன்னால் என்ன செய்வது?

---

பிரிவு17 பதில்:

மூன்றாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அது தெளிந்தால் மற்றவை எளிது.

நீங்கள் சேர்வதற்கு முன் செய்தது சட்டப்படி தானாக முதலாளிக்குப் போகாது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957, பிரிவு 17 முதலாளிக்குக் கொடுப்பது பணியின் போக்கில் செய்த படைப்பை மட்டும்தான். அதுவும் வேறு உடன்பாடு இல்லாதபோது. பிரிட்டனின் 1988ஆம் ஆண்டுச் சட்டம் பிரிவு 11(2) கிட்டத்தட்ட அதையே சொல்கிறது. அமெரிக்காவிலும் பணி எல்லைக்குள் செய்ததுதான் முதலாளியின் படைப்பாகும். பழைய படைப்பு கைமாற வேண்டுமென்றால் எழுத்தில், கையெழுத்தோடு உரிமை மாற்றம் வேண்டும். இந்தியாவில் பிரிவு 19 இன்னும் கறாரானது: எந்தப் படைப்பு, என்னென்ன உரிமை, எத்தனை காலம், எந்த எல்லை என்று சொல்லியாக வேண்டும். காலம் சொல்லாவிட்டால் 5 ஆண்டு, எல்லை சொல்லாவிட்டால் இந்தியா மட்டும் என்று எடுத்துக்கொள்ளப்படும். ஒப்பந்தங்களில் ‘உலகம் முழுவதும், நிரந்தரமாக’ என்ற சொற்கள் தவறாமல் வருவது இதனால்தான்.

ஆக, சட்டம் உங்கள் பக்கம். சிக்கல் ஆதாரத்தில் வருகிறது. ‘எதுவும் இல்லை’ என்று டிக் செய்வது உங்கள் கையெழுத்தோடு கொடுக்கும் வாக்குமூலம். நாளைக்கு அந்தத் தேடல் கருவியை வெளியிட்டீர்கள் என்றால், ‘சேரும்போது ஒன்றுமில்லை என்றீர்களே, அப்படியானால் இது எங்களிடம் இருந்தபோது செய்ததுதானே’ என்று கேட்பார்கள். இல்லை என்று நிரூபிக்கும் சுமை உங்கள் தலையில் விழும். பல ஒப்பந்தங்களில் ‘பட்டியல் இணைக்கப்படாவிட்டால் அத்தகைய படைப்பு ஏதும் இல்லை என உறுதியளிக்கிறேன்’ என்ற வரியும் உண்டு. அது இருந்தால் கட்டத்தைக் காலியாக விட்டாலும் டிக் அடித்ததற்குச் சமம்.

பட்டியல் எழுத உட்காரும் முன் உரிமை மாற்றப் பிரிவை ஒருமுறை நிதானமாகப் படியுங்கள். பார்க்க வேண்டியவை:

முதலில் வினைச்சொல். ‘உரிமையை மாற்றித்தர ஒப்புக்கொள்கிறேன்’ என்பது எதிர்கால வாக்குறுதி. ‘இதன்மூலம் மாற்றித்தருகிறேன்’ என்றால் படைப்பு பிறக்கும்போதே கைமாறிவிடும். அப்புறம் தனியாகக் கையெழுத்து கேட்க மாட்டார்கள். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்துக்கும் ரோஷ் நிறுவனத்துக்கும் நடந்த வழக்கில் இந்த வேறுபாடுதான் முடிவைத் தீர்மானித்தது. ஓர் ஆய்வாளர் பல்கலைக்கு முதல் வகை வாசகத்திலும், பிறகு ஒரு தனியார் நிறுவனத்துக்கு இரண்டாம் வகை வாசகத்திலும் கையெழுத்திட்டிருந்தார். பின்னால் வந்த கையெழுத்தே வென்றது. 2011இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்த முடிவை மாற்றவில்லை. உங்கள் ஒப்பந்தத்தில் இருப்பது இரண்டாம் வகையானால், முந்தைய படைப்புகளுக்கு இது பொருந்தாது என்ற விலக்கு வாசகம் அதே பிரிவுக்குள்ளேயே இருக்க வேண்டும். எங்கோ ஓர் இணைப்பில் மட்டும் இருந்தால் போதாது.

அடுத்து வலையின் அகலம். ‘பணிக்காலத்தில்’ என்றால் அலுவலக நேரமா, வேலையில் இருக்கும் எல்லா நாளும் எல்லா மணியுமா? மேட்டல் பொம்மை நிறுவனத்தின் ஒப்பந்தத்தில் இதே போன்ற சொற்றொடர் இருந்தது. இரவும் வார இறுதியும் அதில் அடங்குமா என்பது தெளிவில்லை என்று 2010இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. அந்தத் தெளிவின்மையை ஆண்டுக்கணக்கில் வழக்காடித்தான் அறிய வேண்டியிருந்தது. நீங்கள் முன்பே ஒரு வரி சேர்த்துவிடுங்கள்: ‘நிறுவனத்தின் பணிக்காகவோ, அதன் கருவிகளையும் ரகசியத் தகவலையும் பயன்படுத்தியோ செய்தவை மட்டும்’. ‘நிறுவனத்தின் தொழிலோடு தொடர்புடைய’ என்று இருந்தால், ‘நான் நேரடியாகப் பணியாற்றும் பிரிவின் தொழிலோடு’ என்று குறுக்கப் பாருங்கள். குழும நிறுவனங்கள், ‘எதிர்பார்க்கப்படும்’ தொழில்கள் என்ற சொற்களும் அங்கே ஒளிந்திருக்கும். பெரிய குழுமம் என்றால் அதற்குள் அடங்காத துறையே இருக்காது.

மூன்றாவதாக ‘மேம்படுத்தும்’ என்ற சொல். உங்கள் பிரிவில் அது இருக்கிறது, கவனியுங்கள். உங்கள் பழைய லைப்ரரி உங்களுடையதாகவே இருக்கும். சேர்ந்த பிறகு அதில் வரும் 2.4, 2.5 பதிப்புகளின் புதுப் பகுதி அவர்களுடையதாகலாம். ‘முந்தைய படைப்புகளும், நிறுவனத்தின் நேரமோ வளமோ இன்றி அவற்றில் செய்யப்படும் திருத்தங்களும் மேம்பாடுகளும்’ விலக்கு என்று எழுதி வாங்குங்கள். எல்லோரும் ஒத்துக்கொள்வதில்லை. ஆனால் கேட்க வேண்டிய வரிகளில் இதற்குத்தான் முதலிடம் கொடுப்பேன்.

நான்காவது ‘முழு உடன்பாடு’ பிரிவு, பெரும்பாலும் கடைசிப் பக்கத்தில் இருக்கும். ‘இதற்கு முன் பேசியது, எழுதியது எதுவும் செல்லாது’ என்று அது சொல்லும். ‘கவலைப்படாதீர்கள், உங்கள் சொந்தப் புராஜெக்ட்டை யாரும் தொட மாட்டார்கள்’ என்று எச்ஆர் அனுப்பிய மின்னஞ்சல் அந்த ஒரு வரியில் காலாவதி. வாக்குறுதி ஒப்பந்தத்துக்குள் வர வேண்டும்.

விலகிய பிறகு ஆறு மாதமோ ஓராண்டோ நீங்கள் செய்வதும் அவர்களுக்கே என்ற வாலும் சில ஒப்பந்தங்களில் உண்டு. அகலமாக எழுதப்பட்ட அப்படி ஒரு வாலைக் கலிஃபோர்னியச் சட்டத்தின் கீழ் செல்லாது என்று 2020இல் அமெரிக்க ஃபெடரல் சர்க்யூட் நீதிமன்றம் தள்ளியது. எல்லா ஊரிலும் அப்படி நடக்கும் என்று நம்பி இருக்க வேண்டாம், வெட்டச் சொல்லுங்கள்.

இனி கட்டத்தில் எழுதுவது. அளவுகோல் இதுதான்: மூன்றாவது ஆள் ஒருவர் படித்தால், எந்தப் பொருளைச் சொல்கிறீர்கள் என்று வேறொன்றோடு குழப்பாமல் அடையாளம் காண வேண்டும், அதை எப்படிச் செய்வது என்று அவருக்குத் தெரியக் கூடாது. உங்கள் தேடல் கருவிக்கு இப்படி எழுதலாம்:

‘உருபன் மாற்றங்கள் மிகுந்த மொழிகளில் உரை ஆவணங்களைத் தேடும் மென்பொருள், வெளியிடப்படாதது. தொடங்கியது: (மாதம், ஆண்டு). கடைசி நிலை: (தேதி). மூல நிரல், வடிவமைப்பு ஆவணங்கள், சோதனைத் தரவு, பெயர், டொமைன் அனைத்தும் உட்பட. அந்தத் தேதியில் இருந்த கோப்பின் ஷா-256 எண்: …’

ஷா-256 எண் என்பது கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் கைரேகை போன்றது. அட்டவணைப்படுத்தும் முறை, தரவரிசைக் கணக்கு எதுவும் இங்கே வரக் கூடாது. காப்புரிமைக்குப் போகும் எண்ணம் இருந்தால் இன்னும் கவனம் தேவை. ரகசியக் காப்பு இல்லாமல் விவரத்தைக் கொடுப்பது புதுமைத் தன்மையையே கெடுக்கலாம். ஐரோப்பாவில் முன்பே வெளியானதற்குப் பெரும்பாலும் மன்னிப்பு கிடையாது. அமெரிக்காவில் ஓராண்டு அவகாசம் உண்டு. தற்காலிக விண்ணப்பம் போட்டுவிட்டால் முழு விண்ணப்பத்துக்கு 12 மாதம் கிடைக்கும். பட்டியலில் விண்ணப்ப எண்ணையே எழுதிவிடலாம்.

ஸ்கிரிப்டுகளை ஒவ்வொன்றாக எழுத வேண்டாம். ஒரே ரெப்போவில் (நிரல் களஞ்சியத்தில்) போட்டு, ‘தனிப்பட்ட பயன்பாட்டு ஸ்கிரிப்டுகளின் தொகுப்பு, இத்தனை கோப்பு, இந்தத் தேதி நிலை’ என்று ஒரே வரியில் முடியுங்கள். பாடநூலுக்குத் தலைப்பு, அத்தியாயப் பட்டியல், இதுவரை எழுதிய பக்கங்கள். பட்டியலுக்கு மேலே பொதுவான ஒரு வரி: ‘இப்பட்டியல் முழுமையானதன்று, விடுபட்டது உரிமையைக் கைவிட்டதாகாது’. இதைச் சில நிறுவனங்களின் சட்டத் துறைகள் அடித்துவிடும். அடித்தாலும் நஷ்டமில்லை, பட்டியல் இருக்கிறது.

இல்லாததை எழுத வேண்டாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ‘செயற்கை நுண்ணறிவு தொடர்பான என் எல்லா யோசனைகளும்’ என்பது போன்ற வரி ஒரு பாதுகாப்பும் தராது. உண்மையான நான்கு வரிகளின் நம்பகத்தையும் அது கெடுக்கும்.

---

கிட்கிடங்கு பதில்:

மேலே சொன்னது சரி. பட்டியலில் எழுதற தேதியை எப்படி நிரூபிக்கறதுன்னு நான் சொல்றேன், ஏன்னா பெரும்பாலானவங்க நம்பியிருக்கற ஆதாரம் ஆதாரமே இல்லை.

கிட்ங்கறது நிரல் மாற்றங்களைப் பதிஞ்சு வெக்கற கருவி, ஒவ்வொரு பதிவும் ஒரு கமிட். அந்தக் கமிட் தேதி உங்க கணினி சொல்ற தேதி. ஆத்தர் தேதி, கமிட்டர் தேதி ரெண்டையும் சூழல் மாறி வெச்சு எந்த வருஷத்துக்கு வேணும்னாலும் மாத்தலாம். எதிர்த்தரப்பு நிபுணர் இதை ரெண்டே நிமிஷத்துல செஞ்சு காட்டுவார். கமிட் வரலாறு நம்பகமாகணும்னா வெளியாள் ஒருத்தர் அதே சமயத்துல பார்த்திருக்கணும். அதனால ரெப்போ ஹோஸ்ட் சேவையோட சர்வர் பதிவு, பைபிஐ மாதிரி பேக்கேஜ் தளத்துல பதிப்பு ஏறின தேதி, அடுத்தவங்க திறந்த இஷ்யூ (பிழைக் குறிப்பு), போட்ட புல் ரெக்வெஸ்ட் (திருத்தத்தைச் சேர்க்கச் சொல்ற கோரிக்கை) இதெல்லாம்தான் பலம். பொது லைப்ரரிக்கு இது தானா கிடைச்சிடும். கூடுதலா சாஃப்ட்வேர் ஹெரிட்டேஜ்ங்கற பொது நிரல் காப்பகத்துல ‘இப்போதே சேமி’ன்னு ரெப்போ முகவரியைக் கொடுத்துடுங்க. அவங்க எடுத்த நகலுக்குத் தேதியும் நிலையான அடையாள எண்ணும் கிடைக்கும்.

வெளியிடாத கருவிக்குச் செய்ய வேண்டியது, வரிசையா:

1. சேர்ற நாளுக்கு முன்னாடி வேலையை நிறுத்தி, ஒரு டேக் (அந்த நிலைக்கு ஒரு பெயர்க்குறி) போடுங்க. ஜிபிஜி சாவியால (மின்கையொப்பச் சாவி) கையொப்பமிட்ட டேக்கா இருக்கட்டும்.

2. கிட் பண்டில் கட்டளையால எல்லாக் கிளையும் வரலாறும் அடங்கின ஒரே கோப்பு எடுங்க. கமிட்ல சேராத டிசைன் குறிப்பு, தரவு, பயிற்சி கொடுத்த மாடல் கோப்பு எல்லாத்தையும் தனியா ஒரு ஜிப்ல போடுங்க. மாடல் கோப்பை எல்லாரும் மறக்கறாங்க.

3. ஒவ்வொண்ணுக்கும் ஷா-256 எடுங்க. 64 எழுத்து வரும். அதை அப்படியே ஒப்பந்தப் பட்டியல்ல ஒட்டுங்க. இந்த எண்ணிலிருந்து கோப்பை மீட்க முடியாது, அதனால ரகசியம் போகாது. கோப்புல ஒரு பைட் மாறினாலும் எண் மாறிடும். ஒப்பந்தத்துல ரெண்டு தரப்பும் கையெழுத்துப் போட்ட நாளே இதுக்கு நேர முத்திரை. இதைவிட மலிவான, வலுவான சாட்சி வேற இல்லை.

4. ஒப்பந்தத்துல ஒட்ட விடலைன்னா, ஆர்எஃப்சி 3161ங்கற இணையத் தர முறையில நேர முத்திரை தர்ற சேவை ஒண்ணுல முத்திரை வாங்குங்க, இல்லேன்னா ஓப்பன்டைம்ஸ்டாம்ப்ஸ்ல போடுங்க. பின்னது ஹாஷை (அந்த ஷா-256 எண்ணை) பிட்காயின் சங்கிலியில பதியும். கிடைக்கற சின்ன ஓடிஎஸ் கோப்பையும் மூலக் கோப்பையும் சேர்த்தே வெச்சிருங்க. ஒண்ணு தொலைஞ்சா இன்னொண்ணு வீண்.

5. பண்டிலையும் ஜிப்பையும் தொடவே கூடாது. மறுபடி ஜிப் பண்ணினா உள்ளே அதே கோப்புகள் இருந்தாலும் நேரக் குறிப்பு மாறி ஹாஷ் வேறயா வரும். ‘எண் பொருந்தலை’ன்னு நிக்கறவங்கள்ல பாதிப் பேர் இதைத்தான் செஞ்சிருப்பாங்க. படிக்க மட்டும்னு பூட்டி, ரெண்டு வேற வேற இடத்துல வைங்க. ரெண்டுமே அலுவலக இயந்திரமா இருக்கக் கூடாது.

உங்களுக்கே தபால்ல அனுப்பி உறையைப் பிரிக்காம வெக்கற யோசனையை யாராவது சொன்னா விட்டுடுங்க. திறந்த உறையை அனுப்பிட்டு அப்புறம் நிரப்பி ஒட்டலாம்னு எல்லாருக்கும் தெரியும்.

பதிப்புரிமைப் பதிவு கட்டாயமில்லை. ஆனா இந்தியாவுல பிரிவு 48 படி பதிவேடு முதல்நிலைச் சான்று. அமெரிக்கப் பதிவுல நிரலோட முதல் 25, கடைசி 25 பக்கம் கொடுத்தாப் போதும். வணிக ரகசியம் இருந்தா சில பகுதியை மறைச்சும் கொடுக்கலாம். பாடநூலுக்கும் தேடல் கருவிக்கும் செய்யலாம், ஸ்கிரிப்டுக்கெல்லாம் தேவையில்லை.

---

வரைகோல் பதில்:

நிரல் எழுதாதவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் ஒரு குறிப்பு. எழுத்துரு, ஓவியம், வார்ப்புரு, பாடக் காணொளி, ஒலிப்பதிவு எல்லாவற்றுக்கும் இதே கட்டம்தான். படங்களை இணைக்க வேண்டுமென்றால் சிறு உருவங்களாக ஒரே பிடிஎஃபில் போட்டு எண் கொடுங்கள்; அடுக்குகளோடு கூடிய மூலக் கோப்பைக் கொடுக்காதீர்கள்.

வாடிக்கையாளருக்குக் கூலிக்குச் செய்து கொடுத்ததை ‘என் முந்தைய படைப்பு’ என்று எழுதுவது தவறு. உரிமை அவரிடம் இருக்கலாம். இல்லாத உரிமையைக் கோரினால் அது பொய் உறுதிமொழி. ‘மூன்றாம் தரப்பினருக்கு உரிமையுள்ளவை, நான் பயன்படுத்தவோ வெளியிடவோ இயலாதவை’ என்று தனித் தலைப்பில் எழுதுங்கள். பெயரையே சொல்லக் கூடாத ரகசிய உடன்பாடு இருந்தால் ‘ரகசியக் கடமையால் பெயர் குறிப்பிடப்படவில்லை’ என்று எழுதி, பணியின் வகையை மட்டும் சொல்லலாம். இப்போதைய வேலையில் இருக்கும்போது செய்ததும் இதே கதைதான். அந்தப் பழைய ஒப்பந்தத்தை எடுத்துப் பார்க்காமல் புதிய பட்டியலை எழுத வேண்டாம். படிப்புக் காலத்தில் செய்ததில் பல்கலைக்கழகத்துக்குப் பங்கு இருக்கலாம். கூட்டாகச் செய்தது என்றால் மற்றவரின் பெயரும் சேர்த்து.

---

நூல்கண்டு:

நன்றி, நிறைய தெளிந்தது. ஒப்பந்தத்தை மறுபடி படித்ததில் இன்னொரு வரி கண்ணில் பட்டது: ‘முந்தைய படைப்பு எதையாவது நிறுவனத்தின் பொருளில் சேர்த்தால், நிறுவனத்துக்கு நிரந்தரமான, திரும்பப் பெறமுடியாத, கட்டணமில்லாத, பிறருக்கும் வழங்கத்தக்க உரிமம் உண்டு’. என் லைப்ரரி ஏற்கெனவே அப்பாச்சி உரிமத்தில் இருப்பதால் இது பரவாயில்லையா? இன்னொன்று, எச்ஆரிடம் எப்படிக் கேட்பது? கேட்டால் ஆஃபரையே திரும்பப் பெற்றுவிடுவார்களோ என்று தயக்கம்.

---

பிரிவு17 பதில்:

லைப்ரரி அளவில் பெரிய நஷ்டமில்லை. அப்பாச்சி 2.0 ஏற்கெனவே எல்லோருக்கும் நிரந்தரமாக, கட்டணமின்றித் தருகிறது. ஆனால் அப்பாச்சியில் கடமைகளும் உண்டு: உரிம வாசகத்தைக் கூடவே தருவது, பதிப்புரிமைக் குறிப்பை நீக்காமல் இருப்பது, மாற்றிய கோப்பில் மாற்றியதைச் சொல்வது. ஒப்பந்த உரிமம் அந்தக் கடமைகள் இல்லாத இரண்டாவது வாசல். ‘திறந்த உரிமத்தில் வெளியான முந்தைய படைப்புக்கு அந்த உரிமத்தின் நிபந்தனைகளே பொருந்தும்’ என்று ஒரு வரி சேர்த்தால் அந்த வாசல் அடைபடும்.

ஆபத்து முழுவதும் தேடல் கருவியில் இருக்கிறது. அவசரத்துக்கு அதிலிருந்து ஒரு கோப்பை அலுவலக ரெப்போவில் நகலெடுத்து ஒட்டினால் போதும். மூடிய நிரலாக இருந்த ஒன்றுக்கு அவர்களிடம் நிரந்தர உரிமம் வந்துவிடும், நிறுவனம் விற்கப்பட்டால் வாங்குபவருக்கும் அது போகும். உரிமையாளர் என்ற பெயர் உங்களிடம் இருக்கும். ஆனால் அதைத் தனி உரிமமாக வேறொருவருக்கு விற்க இனி முடியாது. இதற்கு மூன்று படியில் கேட்கலாம். முதலில், அந்தப் பிரிவையே நீக்குங்கள் என்று. ஒத்துக்கொள்ளாவிட்டால், ‘எழுத்துமூலம் தனி உடன்பாடு செய்த பின்னரே சேர்க்கப்படும், அது இல்லாமல் சேர்ந்தால் நீக்கித் தரப்படும்’ என்று. அதற்கும் மறுத்தால், உரிமத்தையாவது சுருக்குங்கள்: சேர்க்கப்பட்ட அந்தப் பகுதிக்கு மட்டும், அந்தப் பொருளின் அங்கமாக மட்டும், தனித்து விற்கவோ வழங்கவோ உரிமையின்றி. இரண்டாவது படி நிறுவனத்துக்கும் நல்லது. யாருடைய நிரல் உள்ளே இருக்கிறது என்று தெரியாமல் பொருளை விற்க அவர்களும் விரும்ப மாட்டார்கள். அந்தக் கோணத்திலேயே பேசுங்கள்.

லைப்ரரிக்குத் திரும்பி வரும் திருத்தங்களையும் மறக்காதீர்கள். அலுவலக நேரத்தில் உங்கள் லைப்ரரியில் ஒரு பிழையைத் திருத்தினால் அந்தத் திருத்தத்தின் பதிப்புரிமை நிறுவனத்துடையது. அதை நீங்களே உங்கள் ரெப்போவில் சேர்த்தால், அனுமதி இல்லாத நிரல் உங்கள் லைப்ரரிக்குள் வந்துவிட்டது என்று பொருள். ‘இந்தத் திருத்தங்களை அதே அப்பாச்சி உரிமத்தில் பங்களிக்க நிறுவனம் அனுமதிக்கிறது’ என்று அதிகாரமுள்ள ஒருவரிடம் எழுத்தில் வாங்கி, அந்தக் கமிட்களை அலுவலக மின்னஞ்சல் முகவரியிலிருந்தே அனுப்புங்கள். யாருடையது எது என்று பின்னால் பிரித்துப் பார்க்க அது உதவும்.

---

கிட்கிடங்கு பதில்:

அந்த முகவரி விஷயத்துலதான் நிறையப் பேர் வழுக்கறாங்க. கிட் குளோபல் கான்ஃபிக்ல (இயந்திரம் முழுசுக்கும் பொருந்தற அமைப்புக் கோப்பு) அலுவலக மின்னஞ்சலைப் போட்டுட்டு, அதே மடிக்கணினியில ராத்திரி சொந்த ரெப்போவுக்கும் கமிட் பண்ணுவாங்க. ஒவ்வொரு கமிட்லயும் நிறுவனத்தோட பெயர் பதிஞ்சிடும். இயந்திரமும் அவங்களோடது. ‘நிறுவன வளம் பயன்படுத்தவில்லை’ன்னு சொல்ல வாயே திறக்க முடியாது. கான்ஃபிக்ல ‘இன்க்ளூட்இஃப்’ போட்டு ஃபோல்டர் வாரியா முகவரியைப் பிரிக்க முடியும், ஆனா அது பெயரை மட்டும்தான் பிரிக்கும். சொந்த வேலைக்குச் சொந்த இயந்திரம், சொந்த இணையம், சொந்தக் கணக்கு. நிறுவனம் காசு கட்டற கோடிங் அசிஸ்டன்ட் சந்தா, கிளவுட் கிரெடிட், கட்டண ஏபிஐ சாவி, ஃபிக்மா வடிவமைப்புக் கருவியோட பயனர் இருக்கை எல்லாமே ‘வளம்’தான். கிளவுட் டிரைவ் சிங்க் ஆன்ல இருக்கற அலுவலக மடிக்கணினியில சொந்தக் கோப்பு தானா இறங்கியிருக்கும், அதையும் பாருங்க.

பழைய ஸ்கிரிப்ட் தொகுப்பு வேலைக்குக் கட்டாயம் தேவைன்னா, சேர்றதுக்கு முன்னாடியே எம்ஐடிங்கற திறமூல உரிமத்துல பொதுவுல போட்டு, அலுவலகத்துல அங்கிருந்து இறக்கிப் பயன்படுத்துங்க. நிறுவனத்தோட திறமூல அனுமதி நடைமுறை வழியாவே உள்ளே வரட்டும். முந்தைய முதலாளியோட உள் முகவரி, கடவுச்சொல், அட்டவணைப் பெயர் ஏதாவது ஸ்கிரிப்ட்ல ஒட்டிட்டு இருக்கான்னு வெளியிடறதுக்கு முன்னாடி சலிச்சுடுங்க. வரலாற்றுலயும் இருக்கும், மேலே தெரியற கோப்பை மட்டும் பார்க்காதீங்க.

---

மேசைக்குஅப்பால் பதில்:

எச்ஆர் பக்கத்திலிருந்து பார்த்தால் இது வழக்கமான கோரிக்கை. கட்டம் வைத்திருப்பதே நிரப்பத்தான். எரிச்சலூட்டுவது கேள்வி அல்ல, கேட்கும் நேரம். சேரும் நாள் காலையில், ஒரே இணைப்பில் வரும் ஒரு கட்டு ஆவணங்களுக்கு நடுவே கேட்டால் யாருக்கும் பதில் சொல்ல அதிகாரம் இருக்காது. ஆஃபரை ஏற்றவுடன், பழைய வேலையை விட்டு விலகும் முன்பே, இவ்வளவு எழுதினால் போதும்:

‘சேரும்போது நான் கையெழுத்திட வேண்டிய எல்லா ஆவணங்களையும், அறிவுசார் சொத்து உடன்பாடு, ஊழியர் கையேடு, வெளிப்பணிக் கொள்கை உட்பட, முன்கூட்டியே அனுப்ப வேண்டுகிறேன். எனக்கு முந்தைய படைப்புகள் நான்கு உள்ளன, பட்டியலை இணைத்துள்ளேன். பிரிவு __ இல் இரு திருத்தங்கள் கோருகிறேன். உங்கள் சட்டப் பிரிவு பார்த்து உறுதி செய்தால் போதும்.’

திருத்தம் இரண்டோ மூன்றோ, அவ்வளவுதான். ஒப்பந்தம் முழுக்கச் சிவப்புக் கோடு போட்டு அனுப்பினால் அது வெளி வழக்கறிஞரிடம் போகும், வாரக்கணக்கில் திரும்பி வராது. படிவத்தையே மாற்ற மாட்டோம் என்று சொல்லும் நிறுவனங்கள் கூட ஒரு பக்கப் பின்னிணைப்புக் கடிதத்துக்குச் சம்மதிப்பதுண்டு. அப்படியானால் அந்தக் கடிதத்தில் ‘ஒப்பந்தத்தோடு முரண்பட்டால் இக்கடிதமே மேலோங்கும்’ என்ற வரி இருக்க வேண்டும், இரு தரப்பும் கையெழுத்திட வேண்டும். இல்லாவிட்டால் முழு உடன்பாடு பிரிவு அதை விழுங்கிவிடும்.

கலிஃபோர்னியா போன்ற இடங்களில் சட்டமே பாதி வேலையைச் செய்கிறது. அங்கே தொழிலாளர் சட்டம் பிரிவு 2870 படி, சொந்த நேரத்தில், நிறுவனத்தின் கருவியோ ரகசியமோ இன்றிச் செய்த கண்டுபிடிப்பை மாற்றித்தரச் சொல்ல முடியாது. ஆனால் நிறுவனத்தின் தொழிலோடு தொடர்புடையதற்கும், அங்கே செய்த வேலையின் விளைவாக வந்ததற்கும் அந்தக் காப்பு இல்லை. பிரிட்டனில் 1977ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின் பிரிவு 42, ஊழியரின் கண்டுபிடிப்பு உரிமையைக் குறைக்கும் ஒப்பந்த வாசகத்தைச் செல்லாததாக்குகிறது. இந்தியக் காப்புரிமைச் சட்டத்தில் ஊழியர் கண்டுபிடிப்புக்கென்று தனிப் பிரிவே கிடையாது. அங்கே ஒப்பந்தம் என்ன சொல்கிறதோ அதுதான் பெரும்பாலும் பேசும்.

உரிமையையும் அனுமதியையும் கலக்காதீர்கள். பாடநூல் உங்களுடையது என்று பட்டியல் உறுதி செய்யும். வேலையில் இருக்கும்போது அதை எழுதி விற்கலாமா என்பதை வெளிப்பணிக் கொள்கை முடிவு செய்யும். ‘முழுநேரமும் நிறுவனத்துக்கே’ என்ற பிரிவு இருந்தால், நூல் உங்களுடையதாக இருந்தும் ஒப்பந்த மீறல் வரலாம். அதற்குத் தனியாக எழுத்தில் அனுமதி வாங்குங்கள், நூலின் பெயரைக் குறிப்பிட்டு.

---

நூல்கண்டு:

கடைசியாக ஒன்று. என் நண்பர் இதே போன்ற கட்டத்தைக் காலியாக விட்டுச் சேர்ந்துவிட்டார். அவருக்கு இனி வழி உண்டா?

---

பிரிவு17 பதில்:

உண்டு. பட்டியலை இப்போது தயாரித்து, ‘சேர்ந்த தேதிக்கு முன்பே இருந்தவை, ஒப்பந்தத்தின் இணைப்பில் விடுபட்டவை’ என்று தலைப்பிட்டு, இன்றைய தேதியோடு ஒரு திருத்த ஆவணமாகக் கொடுக்கட்டும். ‘சேர்ந்த நாளிலிருந்து பொருந்தும்’ என்று உள்ளே எழுதலாம். ஆனால் கையெழுத்துக்குப் பக்கத்தில் பழைய தேதி போடவே கூடாது. அது தெரியவந்தால் எல்லாம் கெட்டுவிடும். சேர்வதற்கு முந்தைய பொது வெளியீடு, பேக்கேஜ் பதிவு, யாருக்காவது அனுப்பிய மின்னஞ்சல் என்று வெளியார் கண்ட சான்றுகளையும் இணைக்க வேண்டும். நிறுவனம் கையெழுத்திட மறுத்தால், பெற்றுக்கொண்டதற்கான ஒப்புதலையாவது வாங்கட்டும். ‘அறிந்திருந்தும் மறுப்புச் சொல்லவில்லை’ என்று நாளைக்குக் காட்ட அது உதவும்.

ஊதிய உயர்வு, பங்கு ஒதுக்கீடு, பதவி மாற்றம், நிறுவனம் கைமாறுவது ஆகிய நேரங்களில் புதிய உடன்பாட்டில் மறுபடி கையெழுத்து கேட்பார்கள். பட்டியலைச் சேர்க்க அவருக்கு அது நல்ல வாய்ப்பு. உங்களுக்கோ அதுதான் பொறி: புதிய படிவத்தின் கட்டம் மீண்டும் காலியாகவே வரும், பழைய பட்டியல் தானாக அதில் ஏறாது. ஒவ்வொரு முறையும் இணையுங்கள்.

இணையவழிக் கையெழுத்துத் தளத்தில் அந்தக் கட்டம் குறைந்த எழுத்துகளையே ஏற்கலாம். அப்போது ‘இணைப்பு: முந்தைய படைப்புகள், 3 பக்கம், (தேதி), ஷா-256 …’ என்று மட்டும் எழுதி, பிடிஎஃபை அதே உறைக்குள் (கையெழுத்துக்கு அனுப்பும் ஆவணத் தொகுப்புக்குள்) ஏற்றச் சொல்லுங்கள். தனி மின்னஞ்சலில் அனுப்பினால் ஒப்பந்தத்தின் பகுதியாகாது. ‘எதுவும் இல்லை’ பெட்டி முன்கூட்டியே டிக் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். இரு தரப்பும் கையெழுத்திட்ட இறுதிப் பிரதியை இறக்கி, உங்கள் மூன்று பக்கமும் உள்ளே இருக்கின்றனவா என்று எண்ணிப் பார்த்து, சொந்த மின்னஞ்சலில் வைத்துக்கொள்ளுங்கள். வேலையை விட்டால் அலுவலகக் கணக்கு அன்றே மூடப்படும்.